பதினேழாம் எண் பெட்டி

கேமரா வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் போதும்,
லாபிஸில் மஞ்சள் நீராட்டுக்குத்தான் கூப்பிடுவார்கள்.
“கூகை எத்தனை வெள்ளி கொடுக்கும்?”
சில்லறை எண்ணியபடி கேட்டார் மளிகைக்கடை நவரத்தினம்.
ஒன்றும் கொடுக்காது.
பாதி நாள் முகத்தைக்கூடக் கொடுக்காது.

செகாமாட்டில், சியூ மெங் கடையில்,
ஆறு தவணையில் எடுத்த பழைய லென்சு.
உள்ளே எங்கோ பூஞ்சை பிடித்த ஒரு புள்ளி.
எந்த வானத்தை எடுத்தாலும்
வலது மூலையில் ஒரு பொட்டு மேகம்.
துடைத்துப் பார்த்தேன், போகவில்லை;
இப்போது அது இல்லாத வானம்தான்
எனக்குப் பொய்யாகத் தெரிகிறது.

பகலெல்லாம் ஆலை வாசலில் எடைப்பாலம்.
லோரி ஏறும். எண் துள்ளும், தயங்கும், நிற்கும்.
குலையோடு ஒட்டி வந்த மண்ணையும்
மண்ணோடு ஒட்டி வந்த மழையையும்
பாலம் பிரித்துப் பார்க்காது,
நானும் பார்க்காமல் எழுதுவேன்.
ஹம்டான் சன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போகிற
கோப்பி ஓ பொட்டலம் ஆறிக்கொண்டிருக்கும்.
கழிவுநீர்க் குட்டையோரம் மீன்கொத்தி வந்தால்
அடுத்த லோரி கொஞ்சம் காத்திருக்கும்.

ஏழு மணிக்குக் கப்சாயை மட்டைக் குவியலில் சாய்த்து
பிளாக் பதினான்கில் உட்காருவேன்.
கம்பத்தின் மேல் பதினேழாம் எண் பெட்டி,
எலி தின்ன வரட்டும் என்று
நிர்வாகம் கூகைக்குக் கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸ்.
வாடகை இல்லை, தண்ணீர் பில் இல்லை.
கொசு என்னை மட்டும் தேடி வரும்.
கூகை வருவது காதுக்குத் தெரியாது.
தவளைகள் சட்டென்று வாய் மூடும்,
பிறகு இருட்டில் ஒரு வெள்ளை இருக்கும்,
பிறகு இருக்காது.
நான்கு மாதம், முந்நூறு படம்,
எல்லாவற்றிலும் யாரோ பால் கொட்டிய மாதிரி ஒரு கறை.

“ராத்திரி வேண்டாம் அக்கா,” என்றான் குலை வெட்டுகிற ஜோஷிம்,
அவனுக்கு வந்த மலாயில், எனக்குப் புரிந்த மலாயில்.
“மழை விட்ட சாயங்காலம் வா.
குஞ்சுக்குப் பசித்தால் அம்மா வெளிச்சம் பார்க்காது.”

பார்க்கவில்லை.
வெயில் சாய்ந்து மட்டை நுனியெல்லாம் சொட்டச் சொட்ட
பெட்டி வாசலில் வந்து அமர்ந்தது.
வெற்றிலையை நிமிர்த்தி வைத்த முகம்,
அதில் இரண்டு கறுப்பு, ஈரக் கறுப்பு.
அலகில் எலி.
ஒன்பது முறை அழுத்தினேன்.
கை நடுங்கவில்லை; அது வீட்டுக்கு வந்த பிறகு.

திரையில் பெரிதாக்கினேன்.
இறகின் ஒவ்வோர் இழையும், நகமும்,
நகத்தில் ஒட்டிய ஒரு துளி சேறும்.
இன்னும் பெரிதாக்கினேன்.
எலியின் மீசையோரம் ரோஸ் நிறம்.
செம்பனைப் பழத்துக்கு அந்த நிறம் கிடையாது.
ரத்தத்துக்கும் கிடையாது.

அந்த ரோஸை எனக்குத் தெரியும்.
போன செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ரெண்டேகால்,
எலிமருந்து மெழுகுக் கட்டி, நாற்பது பெட்டி.
பாலத்தில் ஏறியது, எண் துள்ளி நின்றது.
நிகர எடை எண்ணூறு கிலோ என்று எழுதி
கீழே என் கையெழுத்து,
கடைசி எழுத்தின் வால் எப்போதும்போல் சுழித்து.

துணை நிர்வாகி தயாளராஜ் நாற்காலியை விட்டு எழுந்தே பார்த்தார்.
“பிரமாதம். நம்ம தோட்டத்துக் காலண்டர்ல ஜனவரி இதுதான்.”
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி குனிந்தார்.
ரொம்ப நேரம் குனிந்திருந்தார்.
“அந்த ரோஸை மட்டும் எடுத்துட முடியுமா?”
முடியும் என்றேன்.
முடியும்தான், இரண்டு நிமிட வேலை.

இன்று கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.
பெட்டிக்குக் கீழே நிற்கிறேன்.
பசித்த குஞ்சுகள் கத்தாது, சீறும்,
சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி.
போன வாரம் ஐந்து சீறல்.
தவளைகளை அதட்டிப் பார்க்கிறேன்,
கொஞ்சம் சும்மா இருங்கள் என்று.
நான்கு.
அதில் ஒன்று என் மூச்சு.
மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன்.